சுண்டு விரல் கேட்கும் சலுகை

எழுதிக்கொண்டிருக்கும் கை மவுஸைத் தேடிப் போனால் பாதி யோசனை அங்கேயே நின்றுவிடும். அதனாலேயே குறிப்பெழுதும் செயலியான அப்சிடியனில் கன்ட்ரோல்+ஓ எனக்கு அவ்வளவு பிடிக்கும். தட்டியதும் ஒரு பெட்டி திறக்கும். குறிப்பின் பெயரில் இரண்டு மூன்று எழுத்து அடித்து என்டர் தட்டினால் போதும், அந்தக் குறிப்பு முன்னால் வந்து நிற்கும்.

குறை என்றால் கன்ட்ரோல் விசை உட்கார்ந்திருக்கும் மூலைதான். இருப்பதிலேயே நோஞ்சான் சுண்டு விரல்; அதைப் போய்க் கீழ்மூலைக்கு அனுப்பி நாள் முழுக்க அழுத்தச் சொல்கிறோம். 1970களில் வந்த ஏடிஎம்-3ஏ என்ற கணினி முனையத்தில் கன்ட்ரோல் விசை ‘ஏ’வுக்குப் பக்கத்திலேயே, இன்றைய கேப்ஸ் லாக் இடத்தில் இருந்தது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேச்சே கிடையாது. நமக்குக் கேப்ஸ் லாக் எதற்கு? விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற கருவியை வைத்து அதைக் கன்ட்ரோலாக மாற்றிக்கொள்ளலாம். (பலர் பயன்படுத்தும் அலுவலகக் கணினியில் செய்தால் பக்கத்து இருக்கைக்காரர் திட்டுவார்.)

குறுக்குவிசைகளை நீங்களே அமைக்கும்போது, அடிக்கடி செய்யும் வேலைக்கு, கன்ட்ரோல்+ஈ போல இடக்கைக்குள்ளேயே அடங்கும் கூட்டணியாகப் பாருங்கள். மூன்று விசைக் கூட்டணியெல்லாம் எப்போதாவது வரும் வேலைக்கு. காப்பி, பேஸ்ட், அன்டூ மட்டும் விரலில் ஊறிப்போனவை. அந்த சி, வி, இசட் பக்கம் மட்டும் மாற்றப் போகாதீர்கள்.