எம்டனில் கரி அள்ளியவர்கள்

1

ஒரு கப்பலின் பெயர் ஒரு மொழிக்குள் நுழைந்து மனிதக் குணத்தைக் குறிக்கும் சொல்லாக மாறுவது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. 'அவன் சரியான எம்டன்' என்று அறந்தாங்கிப் பக்கத்து டீக்கடையில் சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. தந்திரக்காரன், துணிச்சல்காரன், எந்த நேரத்தில் என்ன செய்வான் என்று தெரியாதவன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் நம் மொழிக்கு விட்டுச்சென்ற சொத்து இது. அரைமணி நேரம், ஏறக்குறைய 125 குண்டுகள். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. பயம் அடங்கிய பிறகு அது வியப்பாக மாறியது, வியப்பு சொல்லாக உறைந்தது.

அந்தச் சொல்லுக்கு நேர்ந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2006-இல் 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்த திரைப்படம், தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று அரசு அறிவித்த பிறகு 'எம் மகன்' ஆயிற்று. தொண்ணூறு வருஷம் ஜனங்களின் வாயில் புழங்கிய சொல், ஆவணத்தின் முன்னால் போய் நின்றபோது அந்நியமாகிவிட்டது. எது தமிழ் என்று தீர்மானிக்கிற இடம் டீக்கடை இல்லை என்பது இதில் தெரிகிறது.

என் கேள்வி வேறு. இந்தச் சொல் எதை ஞாபகம் வைத்திருக்கிறது, எதைக் கைவிட்டிருக்கிறது? அது வைத்திருப்பது கேப்டனின் மூளையை மட்டும்தான். கார்ல் ஃபோன் முல்லர் என்ற தளபதியின் தந்திரம், கான்வாஸ் துணியால் நாலாவது புகைபோக்கி கட்டி எதிரியை ஏமாற்றிய சாமர்த்தியம், இவைதான் 'எம்டன்' என்ற சொல்லின் உள்ளடக்கம். அந்தக் கப்பலை நகர்த்திய உடல்கள் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

2

நம்மூரில் இந்தக் கதைக்கு இன்னொரு கிளையும் உண்டு. எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், சென்னையைக் குறிபார்க்க வழிகாட்டியவரே அவர்தான் என்பது அந்தக் கிளை. மேடைகளிலும் சிறுவெளியீடுகளிலும் இது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 1914 செப்டம்பரில் அவர் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு அமைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு பெர்லினுக்குப் போனார். வங்காள விரிகுடாவில் மிதந்துகொண்டிருந்த கப்பலில் அவர் இருந்திருக்க முடியாது.

பொய் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். விமர்சனத்தின் வேலை அதோடு முடிவதில்லை. இந்தக் கட்டுக்கதைக்குள் ஒரு ஆசை வேலை செய்கிறது: அந்த மேல்தளத்தில் நம்மாள் ஒருத்தர் நின்றிருக்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசை நம்மாளைக் கொண்டுபோய் எங்கே நிறுத்துகிறது? கேப்டனுக்குப் பக்கத்தில், கையில் தொலைநோக்கியோடு. பாய்லர் அறையில் நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. காலனியத்தை எதிர்க்கும் கதையாடல்கூட அதிகாரத்தின் படிநிலையை அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

3

எம்டனின் அன்றாடம் பற்றி நமக்குக் கிடைக்கும் முக்கியமான பிரதிகள் இரண்டு. ஒன்று துணைத் தளபதி ஹெல்முத் ஃபோன் முக்கே 1915-இல் வெளியிட்ட நூல். மற்றது கப்பலில் டார்பிடோ அதிகாரியாக இருந்த, ஹோஹென்சோலர்ன் அரச குடும்பத்து இளவரசர் ஃபிரான்ஸ் யோசஃப் எழுதியது. இரண்டுமே அதிகாரிகளின் எழுத்து. சுவாரசியமானவை, சில இடங்களில் சிரிப்பு வரும். 'இண்டஸ்' என்ற கப்பலைப் பிடித்தபோது அதிலிருந்து மலைமலையாகச் சோப்பு கிடைத்த கதை, மேல்தளத்தில் பன்றியும் ஆடும் கோழியும் வாத்துமாக ஒரு பட்டியே உருவான கதை, பிடிபட்ட கப்பல்களின் சாக்லேட்டும் சிகரெட்டும் மாலுமிகளுக்குப் பங்கு போடப்பட்ட கதை.

இந்த எள்ளலின் அடியில் வேறொரு பிரதி கிடக்கிறது. அதைக் கரிப் பிரதி என்று சொல்லலாம். எம்டனில் 12 பாய்லர்கள். எல்லாம் நிலக்கரியில் எரிபவை. ஜெர்மன் தளம் எதுவும் இல்லாத இந்தியப் பெருங்கடலில் அந்தக் கப்பலின் ஒவ்வொரு முடிவையும் கரிதான் எடுத்தது. எங்கே போவது, எந்தக் கப்பலை மூழ்கடிப்பது, எதைக் கூடவே வைத்துக்கொள்வது, எல்லாம் கரிக்கணக்கு. ஆளரவமற்ற தீவு ஓரங்களிலும் நடுக்கடலிலும் துணைக்கப்பலைப் பக்கத்தில் கட்டி, அலையில் இரண்டும் முட்டிக்கொள்ள, மூட்டை மூட்டையாகக் கரி ஏற்றினார்கள். கிடங்கு நிறைந்த பிறகு மேல்தளத்திலும் குவித்தார்கள். மனிதன் தூங்குகிற இடத்தில் கரி. வெப்பமண்டல வெயிலில் இரும்புத்தகடு காய்ந்துகொண்டிருக்க, அடியில் பயர்மேன்கள் முறைபோட்டு நெருப்புக்கு முன்னால் நின்றார்கள். கிடங்கிலிருந்து அவர்களுக்குக் கரி தள்ளிக்கொண்டு வருவதற்கென்றே தனி ஆட்கள். ரயிலில் பயர்மேன் வேலை பார்த்த யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால் அந்தச் சூடு என்னவென்று தெரியும். ரயிலிலாவது காற்று வீசும்.

அந்தக் கரி எந்த ஊர்க் கரி? எம்டன் கைப்பற்றிக் கூடவே இழுத்துச்சென்ற 'பொண்டோபொரோஸ்' என்ற கிரேக்கக் கப்பலில் இருந்தது இந்திய நிலக்கரி. புகை கக்குகிற மட்டமான கரி என்பது கடற்படைக்காரர்களின் குறை. புகை வந்தால் எதிரிக்குக் காட்டிக்கொடுக்குமே. செப்டம்பர் 27-இல் கார்டிஃப் கரி ஏற்றிய 'பியூரெஸ்க்' சிக்கியதும் அவர்களுக்குக் கொண்டாட்டம். கரியின் தரம் பற்றிப் பிரதி பேசுகிறது. கரியை வெட்டியவர்களைப் பற்றிப் பேசவில்லை.

இன்னொரு மௌனம் எம்டனுக்குள்ளேயே இருக்கிறது. கப்பலில் சீனச் சலவைத் தொழிலாளிகள் இருந்தார்கள். 1914 நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' எம்டனை அடித்து நொறுக்கியபோது செத்த 130-க்கும் மேற்பட்டவர்களில் அவர்கள் மூன்று பேரும் உண்டு. ஜெர்மனியின் போர் அவர்களுடைய போர் இல்லை. பிழைத்து ஊர் திரும்பிய மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ளும் உரிமையைப் பின்னாளில் பெற்றார்கள். துணி வெளுத்துக் கொடுத்தவர்களோ வீரகாவியத்தில் எண்ணிக்கையாக மட்டும் மிஞ்சினார்கள். வெளுக்கிறவரின் பெயரை எழுதாத வழக்கம் நமக்குப் புதுசா என்ன? ஜெர்மன் பிரதியின் இந்த இடைவெளியைத் தமிழ் வாசகர் உடனே கண்டுபிடித்திருக்க வேண்டும். சாதி நமக்குக் கற்றுக்கொடுத்த கண் ஒன்று இருக்கிறது, அது இங்கே ஏனோ மூடிக்கொண்டது.

4

முல்லர் 'ஜென்டில்மேன்' என்று எதிரிப் பத்திரிகைகளும் எழுதின. பிடித்த வணிகக் கப்பல்களின் ஆட்களைக் கொல்லாமல் இறக்கி, 'கபிங்கா' மாதிரி ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். உண்மைதான். அந்த உயிர்கள் பெரிசுதான். ஆனால் அன்றைய பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டப்படி, கப்பல் மூழ்கிய நாளோடு மாலுமியின் கூலியும் நின்றுவிடும். அந்தக் கப்பல்களில் வேலை செய்த லஸ்கர்களுக்கு ஏற்கெனவே ஐரோப்பிய மாலுமியின் கூலியில் ஒரு சிறு பங்குதான். இரண்டு தரப்பு ஜென்டில்மேன்களும் ஒருவருக்கொருவர் சல்யூட் அடித்துக்கொண்டபோது கடலுக்கு அடியில் போனதில் இந்தக் கூலியும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலில் குண்டுபட்டுச் செத்த மாலுமிகளை எந்தச் சொல்லும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

5

இது ஜெர்மன்காரர்களின் கோளாறு மட்டுமில்லை. 'கப்பலோட்டிய தமிழன்' என்கிறோம். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் காலியா, லாவோ கப்பல்கள் காலனியத்தின் அடிவயிற்றில் விழுந்த அடி, அதில் சந்தேகமில்லை. வ.உ.சி. 1908-இல் கோரல் மில் தொழிலாளர்களோடு நின்றவர், ஆகவே இந்தக் கேள்வியை அவர் தவறாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்: அந்தக் கப்பல்களை ஓட்டியது யார்? கரி அள்ளியது, சமைத்தது, தளம் கழுவியது யார்? 'ஓட்டிய' என்ற வினையெச்சமோ பெயரெச்சமோ, இலக்கணம் எதுவானாலும் அதன் எழுவாய் ஒருமையாகிவிட்டது.

புதுக்கோட்டை வரலாற்றிலும் இதேதான். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்கை மணந்த கதை இன்றும் சலிக்காமல் சொல்லப்படுகிறது. கடல் கடந்தவர் என்றால் மன்னர்தான்.

இலக்கியத்தில் ஒரு விலகலைக் காட்ட முடியும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' கடலைப் பின்னணியாக வைக்காமல், தோணியை மனிதர்கள் சேர்ந்து பயந்து, பேசி, வாந்தியெடுத்துப் பிழைக்கிற இடமாக வைத்தது. ஆனால் அங்கும் நாம் பயணிகளோடுதான் இருக்கிறோம். கப்பலை வேலைத்தளமாக எழுதும் தமிழ்ப் புனைவு அரிதாகவே இருக்கிறது.

6

கப்பலின் அன்றாடத்தை வாசிப்பது பொழுதுபோக்கு இல்லை. போர்க்கப்பலில் அரசியல் பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது. 1905-இல் பொட்டெம்கினில் புழு நெளிந்த இறைச்சி. 1917-இல் ஜெர்மன் கடற்படையில் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் கிளர்ந்தவர்களில் அல்பின் கோபிஸ், மாக்ஸ் ரைஷ்பீட்ச் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். கோபிஸ் பாய்லர் அறை ஆள். அடுத்த வருஷம் அக்டோபர் கடைசியில் பாய்லர் அறைக்காரர்கள் நெருப்பை அணைத்தார்கள், கப்பல் நகரவில்லை, சில நாளில் கெய்சரின் ஆட்சியே நகர்ந்துவிட்டது. 1946 பிப்ரவரி 18-இல் பம்பாய் தல்வாரில் மோசமான சாப்பாட்டை மறுத்துத் தொடங்கியதுதான் நம் கடற்படை எழுச்சி. அதைத் தலைவர்கள் எப்படிச் சரணடையச் சொன்னார்கள் என்பது தனிக் கதை. கேப்டனின் தந்திரத்தை மட்டும் வாசிக்கிற கண்ணுக்கு இந்த வரிசை தட்டுப்படாது. எம்டனின் பாய்லர் அறையை வாசிக்கிறவருக்குக் கீல் கலகம் திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததாகத் தோன்றாது.

1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது தஞ்சையிலிருந்து வந்து சேர்ந்தது நம் கடற்கரை. கட்டுமாவடி, மணமேல்குடி, செகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல். இந்தக் கரைக்குப் போர்க்கப்பல் என்பது சொலவடை இல்லை. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன விசைப்படகு இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் இன்னொருவர். செய்தியில் அது எல்லைப் பிரச்சினை. இரண்டு அரசுகளின் அறிக்கைகள். விசைப்படகின் டெக்கில் ஐஸ் உடைக்கிறவர், வலை இழுக்கிறவர், பங்குக் கணக்கில் கடன் கழிய உழைக்கிறவர் எவரும் அந்த அறிக்கைகளின் எழுவாய் ஆவதில்லை. எதிரே கடற்படைப் படகின் எஞ்சின் அறையில் நிற்கிற பையனும் ஆவதில்லை.

நாம் எழுத வேண்டியது அந்த எழுவாய்களைத்தான். கோட்டைப்பட்டினத்து டெக்கில் ஒரு ராத்திரி எப்படிக் கழிகிறது, யார் சோறு பொங்குகிறார், யாருக்கு எத்தனை பங்கு என்பதை அந்த மக்களே எழுதட்டும். எழுத வராதவர் சொல்ல, உடனிருப்பவர் எழுதட்டும். அதை இலக்கியமாக வாசிக்கவும் விமர்சிக்கவும் நாம் தயாராக இருக்க வேண்டும். 'எம்டன்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் சேர்க்கவும் இடமிருக்கிறது: நெருப்புக்கு முன்னால் நின்று, ஒரு கட்டத்தில் மண்வெட்டியைக் கீழே போடத் தெரிந்தவர்.