சேனாதிபதியின் தயை

சீன தேசத்து ஷான்டோங் மாகாணத்தில், லின்யி நகரத்தை அடுத்த யின்ச்சுவேஷான் என்னும் சிறு குன்றில், 1972ஆம் ஆண்டு ஹான் வமிசக் காலத்துக் கல்லறைகள் இரண்டு வெளிப்பட்டன. அவற்றுள், கட்டிய கயிறு இற்றுப்போய்ச் சேற்றில் சிதறிக் கிடந்த மூங்கில் ஏடுகளை அறிஞர்கள் எடுத்துச் சேர்த்துப் படித்தபோது, உலகறிந்த சுன் ட்சுவின் யுத்த சாஸ்திரத்தோடு, நெடுங்காலம் மறைந்தே போயிருந்த சுன் பின்னின் கிரந்தமும் கிடைத்தது. இருவர் நூலும் ஒன்றே என்று ஐயுற்றிருந்தவர்களின் வாதம் அன்றோடு தளர்ந்தது.

இத்துறையில் நூல்கள் பல. 1080ஆம் ஆண்டளவில் சோங் வமிசத்துச் சக்கரவர்த்தியின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட ஏழு நூல்களே பிற்காலத்தில் படைத்துறைத் தேர்வுக்குப் பாடமாயின. அவற்றில் தலைமை பெற்ற சுன் ட்சுவின் பதின்மூன்று அதிகாரங்களைப் படிக்கிறவன், வீராவேசத்தை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவான். லட்சம் பேரைப் போருக்கு அனுப்பினால் நாளொன்றுக்கு ஆயிரம் பொன் கரையும் என்று ஒரு கணக்கப்பிள்ளையின் கவலையோடு பேசுகிற அந்த ஆசிரியர், கோட்டையை முற்றுகையிடுவதைக் கடைசி உபாயமாகவும், போரிடாமலே பகைவனைப் பணியவைப்பதை முதல் உபாயமாகவும் வைக்கிறார். சேனாதிபதிக்கு அவர் விதிக்கும் ஐந்து குணங்களுள் அறிவும் தைரியமும் கண்டிப்பும் இருப்பது வியப்பன்று. தயையும் இருப்பதுதான் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

பகைவனின் மனத்தை அறிவது எப்படி என்பதற்கு மாலிங் போர் சான்று. ச்சி நாட்டுப் படைக்கு யோசனை சொல்லிவந்த சுன் பின், பகை நாட்டுக்குள் புகுந்த முதல் நாள் லட்சம் அடுப்புகளும், மறுநாள் ஐம்பதாயிரமும், அதற்கடுத்த நாள் முப்பதாயிரமுமாக மூட்டச் செய்தார் என்று வரலாற்றாசிரியர் ஸிமா சியென் எழுதுகிறார். அணைந்த அடுப்புகளை எண்ணிக்கொண்டே பின்தொடர்ந்த பகைத் தளபதி பாங் ஜுவான், பாதிக்கு மேற்பட்டோர் ஓடிவிட்டார்கள் என்று பூரித்து, காலாட்படையைப் பின்னே விட்டுவிட்டு விரைந்து, இருட்டிய வேளையில் குறுகிய கணவாய்க்குள் நுழைந்து, மறைந்திருந்த வில்லாளிகளின் அம்புக்கு இலக்கானான். அவனை வீழ்த்தியது அவனுடைய இறுமாப்பேயன்றி வேறில்லை.

ஆனால் அதே மனநூலறிவு தன் சேவகர்மீது பிரயோகிக்கப்படும்போது அதைத் தயை என்பதா, தந்திரம் என்பதா? வூ ச்சி என்ற தளபதி கடைநிலைச் சேவகனின் சோற்றையே உண்டு, பாயின்றிப் படுத்து, தன் மூட்டையைத் தானே சுமந்து நடந்தவர். ஒருவனுக்குக் கட்டி வந்து வேதனைப்பட்டபோது சீழைத் தம் வாயாலேயே உறிஞ்சி எடுத்தார். பலரும் இதைத் தலைமைக்கு இலக்கணமாக எடுத்தாள்கிறார்கள். எனக்கோ, வூ ச்சியைச் சரியாகப் புரிந்துகொண்டவள் அந்தச் சேவகனின் தாய்தான் என்றே தோன்றுகிறது. செய்தி கேட்டு அவள் கதறியழ, தளபதியே உன் மகனைப் பேணும்போது அழுவானேன் என்று அயலார் கேட்டார்களாம். சென்ற ஆண்டு இவன் தகப்பனின் கட்டியையும் அவர் இப்படித்தான் உறிஞ்சினார், அந்த மனிதர் புறமுதுகு காட்டாமல் நின்று மாண்டார், இவன் எந்தக் களத்தில் விழுவானோ என்று சொல்லி அவள் மீண்டும் அழுதாள்.