‘தி வயர்’ நாடகத்திற் பொருளியல்

பொருளியல் பயில்வோர் முதலிற் கற்பன கேள்வி, நிரம்பல் என்னும் இரண்டுமாம். அவற்றைக் கற்ற ஒருவன், சட்டம் விலக்கிய தொழிலொன்றிற் கையாளப் புகுந்தால் நிகழ்வது யாது? அமெரிக்காவிலே எச்.பி.ஓ. நிறுவனம் 2002 முதல் 2008 வரை ஐந்து பருவங்களாக, 60 அங்கங்களில் ஒளிபரப்பிய ‘தி வயர்’ என்னும் தொலைக்காட்சி நாடகம் இவ்வினாவை எழுப்புகின்றது. போல்ரிமோர் நகரிற் செய்தியாளராயிருந்த டேவிட் சைமன், அந்நகரிலேயே துப்பறிவாளராகவும் பின்னர் ஆசிரியராகவும் பணியாற்றிய எட் பேர்ன்சின் துணையோடு இதனை ஆக்கினார்.

ஸ்ரிங்கர் பெல், ஏவன் பார்க்ஸ்டேல் என்பவனின் ஹெரோயின் வாணிகத்தை நடத்துபவன். நகரச் சமுதாயக் கல்லூரியிற் பொருளியல் வகுப்புக்குஞ் செல்பவன். கேள்வி நெகிழ்ச்சி பற்றிய பாடத்தைக் கேட்டு வந்தவன், தன் கூட்டத்தாருக்குரிய பிரதியெடுக்கும் கடையின் ஊழியரை அதே பாடத்தைக் கொண்டு கண்டிக்கிறான். வாங்குவோர் வேறு கடைக்குப் போகக்கூடிய தொழிலில் அசட்டை கூடாது என்பது அவன் கருத்து.

இது நகைச்சுவைக்காக மட்டும் வைத்த காட்சியன்று. ஹெரோயினுக்கு அடிமையானோரின் கேள்வி மொத்தத்தில் நெகிழ்ச்சி குறைந்தது. விலை ஏறினும் வாங்கவே செய்வர். ஆயின் ஒரு மூலையில் விற்பவனுடைய சரக்குக்குள்ள கேள்வியோ மிக நெகிழ்ச்சியுடையது. அடுத்த மூலையில் நல்ல சரக்கு இருப்பின் அங்கே போய்விடுவர். பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவரும் மயங்கும் இவ்வேறுபாட்டைப் பெல் நன்கறிவான். ஆதலின், இரண்டாம் பருவத்தில் நியூயோர்க்கிலிருந்து வந்த சரக்கு நின்றதும், தம் மாடிக் குடியிருப்புகளில் விற்கும் உரிமையிற் பங்கு கொடுத்துப் புறொப்பசிஷன் ஜோவிடம் நல்ல சரக்கைப் பெறுகிறான். மூன்றாம் பருவத்தில் வணிகர் பலர் கூடிக் கொள்முதல் செய்யும் கூட்டுறவும் அமைகிறது. இடத்துக்காகப் பொருதல் வீண் செலவு என்பது அவன் முடிபு. கணக்கிற் பிழையில்லை.

எனினும் அவன் அழிகிறான். படிப்பு தெருவில் எடுபடாது என்பதே நாடகத்தின் கருத்தென்று கொள்வாருளர். அது பொருந்தாது. பெல் அத்தியாயங்களைக் கற்றான். அவை எடுகோளாகக் கொண்டதைக் கற்றிலன். கேள்வி வளைகோடு வரைவோர் எவரும் ஒப்பந்தத்தைக் காக்கும் நீதிமன்றம் ஒன்றிருப்பதைத் தாளில் வரைவதில்லை. ஆயினும் அஃதின்றி வளைகோடு நில்லாது.

இதனை நாடகம் ஒரு சிறு காட்சியிலே காட்டிவிடுகிறது. பெல் கூட்டுறவு வணிகரைக் கூட்டி, முறையான சபை ஒழுங்கின்படி கூட்டம் நடத்துகிறான். ஒருவன் பணிவோடு கூட்டக் குறிப்பு எழுதுகிறான். அதனைக் கண்ட பெல், குற்றச் சதியையா எழுதி வைக்கிறாய் என்று சீறித் தாளைப் பறிக்கிறான். நிறுவனம் என்பது பதிவேட்டின்மேல் நிற்பது. இங்கே பதிவேடு குற்றவாளிக்கெதிரான சான்றாகிவிடுகிறது. முழு நாடகத்திலும் இதற்கு ஈடான பொருளியற் பாடம் வேறில்லை.

சட்டத்துக்குட்பட்ட கட்டடத் தொழிலிற் புகுந்தும் அவனுக்கு உய்வில்லை. செனட்டர் கிளே டேவிஸ் அவனிடம் கைக்கூலி பெற்று ஏமாற்றுகிறார். அப்பணத்தைக் கேட்டு வழக்காடவும் இயலாது. இறுதியில் பெல்லும் பார்க்ஸ்டேலும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க, பெல் கொல்லப்படுகிறான். அவன் வீட்டைச் சோதிக்கும் துப்பறிவாளர் கையில் ஆதம் சிமித்தின் ‘நாடுகளின் செல்வம்’ அகப்படுகிறது. நீதி ஒழுங்காக நடவாத நாட்டில் வாணிகம் நெடுநாள் தழைப்பது அரிது என்று அந்நூலின் ஐந்தாம் பகுதி கூறுகின்றது. பெல் அதுவரை படித்தானோ, இல்லையோ!

ஐந்தாம் பருவத்தின் பத்திரிகைக் கதை தளர்ந்தது. மார்லோ ஸ்ரான்பீல்டின் கதை தளரவில்லை. வகுப்புக்குச் செல்லாத மார்லோ, ஜோவைக் கொல்வித்துக் கூட்டுறவைக் கலைத்து, தனியுரிமையாளனாகி விலையை ஏற்றுகிறான். பின்னர் தொழிலை விட்டு நீங்கவேண்டி வந்தபோது தனக்கு எஞ்சிய ஒன்றை விற்கிறான். அது சரக்குமன்று, தெரு மூலையுமன்று. கடல்வழிச் சரக்கு அனுப்புவோர் தன்மேல் வைத்த நம்பிக்கை. அதன் விலை பத்து மில்லியன் டொலர்.