அல்வாவுக்கு முன்னால் ஒரு பாலம்

பிரான்சின் தென்பகுதியில் அவின்யோன் என்று ஓர் ஊர். அங்கே ரோன் நதியில் ஒரு பாதிப் பாலம் நிற்கிறது. 12-ம் நூற்றாண்டில் ஆரம்பித்தது. 22 வளைவுகளில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது போக மிச்சம் 4. அக்கரைக்குப் போகாது, ஆற்றுக்குள்ளேயே நின்றுவிடும். அதில் நடக்க டிக்கெட்! எங்கெங்கிருந்தோ வந்து, பாதி தூரம் போய், போட்டோ பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

நம்ம திருநெல்வேலியில் அக்கரை வரைக்கும் போகிற முழுப் பாலம் ஒன்று 1843-லிருந்து நிற்கிறது. டிக்கெட் இல்லை. யாரும் பார்ப்பதும் இல்லை.

போன தடவை பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்கு ஆட்டோவில் போகும்போது, "பாலத்துல கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"பாலத்துல எறங்கி என்னத்தப் பாக்கப் போறிய அண்ணாச்சி? அல்வா வாங்கணும்னா இப்பவே போயிரணும். தீந்துரும்லா."

அவரைக் குறை சொல்ல முடியாது. நெல்லைக்குப் போனால் நெல்லையப்பர் கோயில், இருட்டுக்கடை, முடிந்தால் கிருஷ்ணாபுரம் என்று நாம்தான் வழக்கம் பண்ணி வைத்திருக்கிறோம். கோயிலிலும் இசைத் தூணை யாராவது தட்டிக் காட்டிவிட்டால் திருப்தி. (தயவுசெய்து தட்டச் சொல்லாதீர்கள். கல்லுக்கும் வலிக்கும்.) தாமிர சபையின் மரச் சிற்பங்கள் முன்னால் 5 நிமிஷம் நிற்க ஆளில்லை. கிருஷ்ணாபுரம் பரவாயில்லை. இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகும் அந்தக் குறவனைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாச்சு.

பாலத்துக்கு வருவோம். பெயர் சுலோச்சன முதலியார் பாலம். தாமிரபரணியைத் தாண்ட ஓடத்தை நம்பியிருந்த காலம். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்தவர் முதலியார். பாலம் கட்டத் தன் கைக்காசைப் போட்டார். ஏறக்குறைய அரை லட்சம். வீட்டம்மாவின் நகையும் போனதாக ஊரில் சொல்வார்கள். ‘வெள்ளைக்காரன் கட்டின பாலம்’ என்று யாராவது சொன்னால் பாதியைத் திருத்துங்கள். வரைபடம் அவர்களுடையது, பணம் நம்மாளுடையது.

அழகு எங்கே என்று கேட்டால், மேலே இல்லை, கீழே. லண்டன் தேம்ஸ் நதியின் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து வடிவமைத்தது. 11 வளைவுகள், நடுநடுவே ஜோடித் தூண்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 1817-ல் திறந்த அந்த லண்டன் பாலம் தூண்கள் அமிழ்ந்துபோய், 1930-களில் இடிக்கப்பட்டுவிட்டது. ஒரிஜினல் போச்சு, நகல் நிற்கிறது!

பி.காமில் எனக்குத் தேய்மானம் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். வருஷத்துக்கு 5 சதவிகிதம் என்று கழித்தால் 20 வருஷத்தில் சொத்தின் மதிப்பு பூஜ்யம். அந்தக் கணக்குப்படி இந்தப் பாலம் 1863-லேயே செத்தாச்சு. ஆனால் 1992 நவம்பர் வெள்ளம் வந்து போனது. 2023 டிசம்பரில் குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்து, ஜங்ஷனுக்குள்ளேயே ஆறு புகுந்தது. வடிந்ததும் பாலம் மறுபடி பஸ்ஸைச் சுமக்க ஆரம்பித்தது.

நமக்குத்தான் மரியாதை தெரியவில்லை. அகலப்படுத்தினோம், பக்கத்திலேயே புதுப் பாலமும் போட்டோம். ஜனம் பெருகினால் வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் நின்று பார்க்க நிழலோடு ஒரு மேடை போட என்ன செலவாகிவிடும்? கீழே இறங்கினால் முதலில் வரவேற்பது சாக்கடை நாற்றம். ஊர்க் கழிவை ஆற்றில் விட்டுவிட்டு, கட்டினவர் பெயரை மட்டும் மேலே வைத்திருக்கிறோம்.

மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினேன். சாயங்கால வெயில் வளைவுகளுக்குள் புகுந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் செருப்புச் சத்தம். டிரைவர்தான். விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். நடுவில் தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து.

"பதினொண்ணு... பொறந்ததுலேருந்து இதுமேலதான் போயிட்டு வாரேன். இன்னைக்குத்தான் எண்ணுதேன் அண்ணாச்சி."

அன்றைக்கு அல்வா தீர்ந்துவிட்டது.