பாபேலும் அம்பத்தூரும்

உலகனைத்திற்கும் ஒரே மொழி இருத்தல் வேண்டும் என்போர், திருமறையில் சான்று தேடுங்கால் ஆதியாகமம் 11ஆம் அதிகாரத்தையே நாடுகின்றனர். மொழிப்பன்மை சாபம், ஆகவே மொழியொருமை மீட்பு என்பது அவர்தம் வாதம். அதற்கு முந்தின அதிகாரத்தை அவர்கள் வாசிப்பதில்லை போலும்! நோவாவின் வழிவந்தோர் தத்தம் மொழிகளின்படி வாழ்ந்தனர் என்று அங்கே மும்முறை (10:5, 20, 31) கூறப்பட்டுள்ளது; சாபத்தின் நிழல்கூட அதில் இல்லை. பாபேலில் கண்டிக்கப்படுவது, சிதறாதிருந்து தமக்குப் பேர் உண்டாக்க முயன்ற செருக்கே. ஒரே மொழி அச்செருக்கிற்குக் கருவியாயிற்று.

பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்தோருள் பலருக்குக் கிரேக்கமோ அரமேயமோ விளங்கியே இருக்கும். பொதுமொழி போதுமென்றால் அந்த அற்புதத்திற்குத் தேவையே எழுந்திராது.

எனினும், பொதுமொழியே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பவுல் சேனாபதியிடம் கிரேக்கத்தில் பேசி அனுமதி பெற்றார், பின்பு மக்களிடம் அவர்தம் மொழியில் பேசினார், அவர்கள் அமைதியாகிச் செவிகொடுத்தனர் (அப். 21:37-22:2). பொதுமொழி இசைவு பெற்றுத் தந்தது. செவியைத் திறந்தது தாய்மொழி. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் உள்ளன. பல மாநிலத்தார் ஒருங்கே உழைக்கும் அத்தகைய இடங்களில் பொதுமொழி ஒன்றின்றி வேலை நடவாது. அதை மறுப்பது வீண்.

நம்மை உறுத்துவது வேறொன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு இன்று வடமாநிலத் தொழிலாளர் திரளாய் வருகின்றனர். அவர்களுக்கென இந்தியில் ஓர் ஆராதனை ஏற்படுத்திவிட்டால் கடமை முடிந்தது என எண்ணும் போக்கு நம்மிடையே உண்டு. 1938இலும் 1965இலும் இந்தித் திணிப்பை எதிர்த்த மண் இது! 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகளும் தமிழ்நாட்டை விலக்கியே இயற்றப்பட்டன. அத்தகைய நாம், ஜார்க்கண்டிலிருந்து வரும் சகோதரனின் தாய்மொழி இந்தியே என்று கேளாமலே முடிவுகட்டலாமா? அவன் முண்டாரி பேசுபவனாயிருக்கலாம். ஓராவோன் குலத்தவனாயின் குடுக் பேசுவான். குடுக்கோ திராவிட மொழி, தமிழுக்கு உறவு. 1845இல் ராஞ்சிக்கு வந்த காஸ்னர் அருட்பணியாளரிடம் 1850இல் முதலில் திருமுழுக்குப் பெற்றோர் ஓராவோன் மக்களே. நமக்கு இருவழியிலும் உறவினனாகியவனை ‘இந்திக்காரன்’ என்றழைப்பது அறியாமை.

எவர்க்கும் தாய்மொழியல்லாத ஒன்றைப் பொதுமொழியாக்கலாமே எனின், சாமென்ஹாப் 1887இல் வெளியிட்ட எஸ்பெராந்தோ அம்முயற்சியே. பழைய ஏற்பாடு முழுவதையும் அவர் அதில் பெயர்த்தார். 1926இல் அது நூலாயிற்று. அவரது நன்னோக்கை ஐயுறோம். ஆயினும் அதன் சொற்களுள் மிகப் பெரும்பாலானவை ஐரோப்பிய வேர்களினின்று வந்தவை. இத்தாலியன் பாதி வழியை ஏற்கெனவே கடந்திருக்கிறான். தமிழனும் முண்டாவும் தொடக்கத்திலேயே நிற்கின்றனர். சுமை அங்கும் சமமாயில்லை.

இந்தி ஆராதனையை நிறுத்துமாறு நாம் கூறவில்லை. பலருக்கு அது பயன்படும். ஆனால் நோயுற்றவன் படுக்கையருகே செல்லும் ஆயர், அவன் வீட்டில் பேசும் மொழி யாதெனக் கேட்டறிந்து, அம்மொழியில் ஜெபிக்கவல்ல உடன்தொழிலாளி ஒருவனை அழைத்துச் செல்லட்டும். அம்பத்தூரில் அத்தகையோரைத் தேடிக் காண்பது அரிதன்று.