அருகம்புல்லுக்கு மேலே ஒரு கண்

திருவண்ணாமலைக் கோயிலில் சம்பந்த விநாயகருக்குச் சாத்த வாங்கும் அருகம்புல் கட்டினை விரலால் நீவிப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஊசி நுனி, கெட்டியான கணு, வேரோடு ஒட்டி வந்த ஈரமண் வாசம். இதே புல்லும் இதன் கலப்பு ரகங்களும்தான் எத்தனையோ கிரிக்கெட், கால்பந்து மைதானங்களில் ஓடும் கால்களைத் தாங்குகின்றன. மிதிபட்ட இடத்திலேயே மறுபடி படர்ந்து எழும் அதன் பொறுமை தனி அழகு.

அந்தப் புல்லின் நலம் பார்க்க இப்போது ட்ரோனும் பறக்கிறது. மெல்லிய ரீங்காரத்தோடு, ஏர் சால் போல நேராகப் போய்த் திரும்பி, ஒரு படத்தின் ஓரம் அடுத்ததிலும் விழும்படி எடுத்துக்கொண்டே போகும். நலமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை வாரித் திருப்பியனுப்பும். தாகமோ நோயோ வந்தால் அது குறையும். புல் மஞ்சளாகும் முன்பே, அந்த ஒளியையும் பதியும் படத்தில் ஒரு திட்டு நிறம் மாறிவிடும். எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்குப் பிறகு நடப்பது: மைதானக்காரர் அந்தத் திட்டுக்கு நடந்து போய், குந்தி உட்கார்ந்து, மண்ணுக்குள் விரலை விடுவார். தெளிப்பான் அடைத்திருக்கிறதா, மண் இறுகிவிட்டதா, வேரில் புழுவா என்று அந்தக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.