தந்தையை யார் நலம் விசாரிப்பார்?

குழந்தை பிறந்த வீட்டிற்குச் செல்கிறோம். தாயை நலம் விசாரிக்கிறோம், குழந்தையைக் கொஞ்சுகிறோம். தந்தையிடம் மட்டும் கைகுலுக்கி இனிப்புக் கேட்கிறோம். அவன் உள்ளத்தின் நிலையை ஆராயத் துணிந்த அரிய படைப்பு, ஜப்பானிய எழுத்தாளர் கென்சாபுரோ ஓயே 1964இல் எழுதிய நாவல். 'எ பெர்சனல் மேட்டர்' என்பது அதன் ஆங்கிலப் பெயர்.

கதைத்தலைவன் 27 வயது ஆசிரியன். 'பறவை' என்பது அவனது பட்டப்பெயர். மனைவி பிரசவ வேதனையில் இருக்க, அவன் புத்தகக் கடையில் ஆப்பிரிக்க வரைபடத்தைப் பார்த்து நிற்கிறான். குழந்தை தலையில் பெருங்குறையோடு பிறக்கிறது. அவன் மதுவிலும் பழைய தோழியின் வீட்டிலும் ஒளிகிறான். வகுப்பில் வாந்தியெடுத்து வேலையை இழக்கிறான். குழந்தை இறந்துவிடாதா என்றும் ஏங்குகிறான்.

பொறுப்பற்றவன் என்று அவனைத் தள்ளிவிடுவது எளிது. ஓயே அவனுக்காக வாதாடவில்லை. ஆயினும் ஒரு செய்தியைச் சொல்லிவைக்கிறார்: மணமான புதிதிலேயே அவன் நான்கு வாரங்கள் குடியில் மூழ்கிக் கிடந்தவன். குழந்தைக்கு முன்பே அந்த இருள் இருந்தது. முன்னர் மனச்சோர்வுற்றவர்களுக்கு இக்காலத்தில் அது திரும்பக்கூடும் என்கிறது மருத்துவம். ஆண்களிடம் அது கண்ணீராக வராமல் எரிச்சலாகவும் குடியாகவும் விலகலாகவும் வெளிப்படலாம். 43 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான அமெரிக்க மருத்துவக் கட்டுரையொன்று, மனைவி கருவுற்ற காலம் முதல் குழந்தையின் முதலாண்டு வரை தந்தையருள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இவ்வாறு துன்புறுவதாகக் கணித்தது.

நாவலின் குறை அதன் முடிவில் உள்ளது. குழந்தையை ஏற்பதெனப் பறவை தீர்மானித்ததும் இருள் சட்டென விலகிவிடுகிறது. பின்னர் அனைவரும் அவனைப் பாராட்டுகின்றனர். கடமையை ஏற்றது உயர்ந்த செயலே. ஆனால் கடமையை ஏற்ற பின்னும் மனச்சோர்வு நீடிக்கலாம். இம்முடிவைப் படிக்கும் துயருற்ற தந்தை, தன் மனவுறுதி போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்வான். மருத்துவரிடம் செல்லவும் நாணுவான்.

ஓயேயின் வாழ்வே இம்முடிவைத் திருத்துகிறது. 1963இல் மூளைக் குறையோடு பிறந்த தம் மகன் ஹிகாரியைப் பற்றி அவர் பின்னரும் பல்லாண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரே தீர்மானத்தில் முடிகிற கதையாக அது இருக்கவில்லை.

குறை இருப்பினும் இந்நாவல் படிக்கத்தக்கது. படித்தவர், அடுத்த முறை குழந்தை பார்க்கப் போகும்போது, இனிப்பைப் பெறுமுன் அந்தத் தந்தையிடமும் கேட்பார்: "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இரவில் உறங்குகிறீர்களா?"